கூரையை மேற்கோள் காட்டுவோர்

1977ஆம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. அவ்வாண்டு யூலை மாதப் பொதுத் தேர்தலின் மூலம் இந்நாட்டிலே ஆட்சிபீடம் ஏறியவர்கள் இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தி, அந்நிய மூலதனத்துக்குக் கதவைத் திறந்துவிட்டனர். அதே ஆண்டில் சார்ல்ஸ் ஜெங்ஸ் என்னும் அமெரிக்க விமர்சகர் பின்நவீனத்துவக் கட்டிடக் கலையின் மொழி பற்றித் தமது நூலை வெளியிட்டார். இவ்விரண்டுக்கும் அன்று யாதொரு சம்பந்தமும் இருக்கவில்லை. ஜெங்ஸ் இலங்கையை நினைத்து எழுதவில்லை. நமது திறந்த பொருளாதாரத்தின் கர்த்தாக்கள் ஜெங்ஸைப் படித்துவிட்டுக் கதவைத் திறக்கவுமில்லை. ஆயினும் இருபது, முப்பது ஆண்டுகளுக்குள் கண்டி மாநகரிலும், அதன் கிழக்கே திகன வரை நீளும் மகாவலிப் பள்ளத்தாக்கிலும் இவை ஒன்றையொன்று இனங்கண்டு கைகோத்துக்கொண்டன. அந்த உறவிலே பிறந்த கட்டிடங்களின் நடுவேதான் இன்று நாம் நடமாடுகிறோம்.

பல்கலைக்கழகக் கருத்தரங்குகளிலே அண்மைக் காலமாக ஒரு வாதம் கேட்கிறது. நவீனத்துவக் கட்டிடக் கலை மேற்கிலிருந்து நம்மீது சுமத்தப்பட்ட ஒன்று; அதற்கு நினைவில்லை, ஊரில்லை, மண்ணில்லை; கொங்கிரீட் பெட்டிகளை உலகெங்கும் ஒரேமாதிரி அடுக்கியதே அதன் சாதனை. பின்நவீனத்துவமோ அலங்காரத்துக்கும் மரபுக்கும் மறுவாழ்வு கொடுத்தது. பல குரல்களுக்கு இடம் அளித்தது. ஆகவே ஆசிய மக்களாகிய நாம் அதனை ஒரு விடுதலையாக வரவேற்க வேண்டும் என்பர். கேட்பதற்கு இனிய வாதம். முற்போக்கின் சாயலும் அதன்மேல் பூசப்பட்டிருக்கிறது. நம்முடைய மாணவர்களிற் பலர் அதை நல்லெண்ணத்தோடு ஏற்றுக்கொண்டிருப்பதனாலேயே அதனைச் சற்று விரிவாகப் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது.

அவ்வாதத்திலே உண்மையின் கூறு ஒன்று உண்டு. மழை நாட்டிலே தட்டைக் கூரை போட்டு, அது ஒழுகத் தொடங்கியதும் தகரம் வேய்ந்த அரசாங்கக் கட்டிடங்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். வெயில் நாட்டிலே கண்ணாடிச் சுவர் எழுப்பி, உள்ளே வெந்துகொண்டிருப்பவர்களுக்கு மின்விசிறி மாட்டிய கதையும் புதிதன்று. அந்தத் தவறுகளுக்கு வக்காலத்து வாங்குவது நமது நோக்கமன்று. ஆனால், நவீனத்துவம் ஏன் வீழ்ந்தது, அதன் இடத்தில் வந்தது எது, வந்தது எவருக்காக உழைத்தது என்ற கேள்விகளைக் கேட்காமல் கூரையின் அழகை மாத்திரம் பேசுவோர் விஷயத்தில் பாதியைத்தான் பேசுகிறார்கள்.

அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலே புரூயிற்-ஐகோ என்ற வீடமைப்புத் திட்டம் ஒன்று இருந்தது. மினோரு யமசாக்கி என்பவர் வரைந்தது. பதினொரு மாடிகள் கொண்ட 33 கட்டிடங்கள், 1950களின் நடுப்பகுதியில் எழுந்தவை. 1972இல் அவற்றை வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கினார்கள். அந்த வெடியோசையையே நவீனக் கட்டிடக் கலையின் மரண அறிவித்தலாக ஜெங்ஸ் தம் நூலில் எழுதினார். நாளும் நேரமும் நிமிடமும் குறித்து, சாதகக்காரரின் துல்லியத்தோடு எழுதினார். அதன்பின் உலகத்துக் கட்டிடக் கலை மாணவர் அனைவரும் அந்தப் புகைப்படத்தைப் பார்த்து, வடிவம் பிழைத்துவிட்டது என்று பாடம் படித்தார்கள். உண்மையில் அங்கே பிழைத்தது வடிவம் மாத்திரமா? பராமரிப்புச் செலவு முழுவதும் ஏழைக் குடியிருப்பாளர்களின் வாடகையிலிருந்தே எடுக்கப்பட வேண்டும் என்று விதித்திருந்தார்கள். நகரத்தின் தொழில்கள் வெளியேறிக்கொண்டிருந்தன. வசதியுள்ள வெள்ளையர் புறநகருக்குப் போனார்கள். எஞ்சிய கறுப்பின மக்களிடம் வேலையும் இல்லை, வாடகை கொடுக்கப் பணமும் இல்லை. மின்தூக்கி பழுதடைந்தால் திருத்துவார் இல்லை. நீர்க்குழாய் உறைந்து வெடித்தால் கேட்பார் இல்லை. இத்தனையையும் மறைத்துவிட்டு, கட்டிடத்தின் முகம் சரியில்லை, ஆகையால் அது செத்தது என்று கூறுவது, பட்டினியால் இறந்தவனைப் பார்த்து அவன் சட்டையின் வெட்டுச் சரியில்லை என்பதற்கு ஒப்பாகும்.

இந்த மரண அறிவித்தலால் இலாபமடைந்தவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். நவீனத்துவம் தன் இளமைக் காலத்தில், முதலாம் உலகப் போருக்குப் பிற்பட்ட ஐரோப்பாவிலே, ஒரு பெரும் கேள்வியோடு பிறந்தது: உழைப்பவனுக்கு வெளிச்சமும் காற்றும் உள்ள வீட்டை எப்படிக் குறைந்த செலவில், இலட்சக் கணக்கில் கட்டிக் கொடுப்பது? விடை பல இடங்களில் தவறியது. கேள்வி தவறானதன்று. புரூயிற்-ஐகோவின் புழுதியோடு அந்தக் கேள்வியையும் கூட்டி அள்ளிக் கொட்டினார்கள். அதன்பின் எழுந்த பேர்பெற்ற கட்டிடங்களைப் பாருங்கள். 1984இல் நியூயோர்க்கிலே பிலிப் ஜோன்சன் ஒரு தொலைபேசிக் கம்பனிக்காக வானுயரக் கட்டிடம் ஒன்றை எழுப்பி, அதன் உச்சியிலே பழங்கால அலுமாரியின் முகட்டைப் போன்ற அலங்காரத்தைச் சூட்டினார். இதே ஜோன்சன்தான் 1932இல் நியூயோர்க்கின் நவீனக் கலைக் காட்சிச்சாலையிலே சர்வதேச பாணிக்குக் கண்காட்சி வைத்து, அலங்காரத்தைத் துறக்க வேண்டும் என்று போதித்தவர். அரை நூற்றாண்டில் உபதேசம் தலைகீழாயிற்று. உபதேசியாரும் அவர்தம் செல்வந்தச் சீடர்களும் மாறவில்லை. மார்க்சிய விமர்சகர் பிரெட்ரிக் ஜேமிசன் 1984இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், நிலமும் முதலும் இன்றிக் கட்டிடம் எழமுடியாது என்பதனால் கலைகளுள் பொருளாதாரத்தோடு மிக நெருங்கிப் பிணைந்தது கட்டிடக் கலையே என்று காட்டினார். பின்நவீனத்துவத்தைப் பேசுவோர் ஜேமிசனின் பெயரைச் சொல்வார்கள். அவர் காட்டிய இந்தப் பிணைப்பைச் சொல்வதை மறந்துவிடுவார்கள்.

இனிக் கண்டிக்கு வருவோம். லண்டன் ஓடி முடித்த இரட்டைத் தட்டு பஸ்கள் முன்பு கொழும்புக்கு வந்ததைப்போல, மேற்கிலே மவுசு குன்றிய பின்னர்தான் இந்தப் பாணி நமது மலைகளில் ஏறியது. தலதா வீதியிலே 2005இல் திறக்கப்பட்ட வணிக மாளிகையைப் பாராத மாணவர் கண்டியில் இருக்கமாட்டார். உள்ளே நகரும் படிகளும் வங்கிகளும் பளபளக்கும் கடைகளும். வெளியே கண்டிய மரபின் சாயல். அது ஒன்றுதான் என்பதில்லை. வங்கிக் கிளை, தங்குவிடுதி, திருமண மண்டபம், எண்ணெய் நிரப்பு நிலையம் எல்லாவற்றின் நெற்றியிலும் அந்த இரட்டைச் சரிவுக் கூரை ஒட்டப்பட்டிருக்கிறது. பின்நவீனத்துவத்தார் இதனை 'மேற்கோள்' என்பர். கட்டிடம் ஒரு மொழி; பழைய கூரை அம்மொழியிலே ஒரு சொல்; அதை எடுத்துப் புதிய வாக்கியத்தில் அமைத்திருக்கிறோம் என்பர்.

நன்று. அந்தச் சொல்லின் பொருள் என்ன? கண்டியக் கூரையின் மேற்பகுதி செங்குத்தாகச் சரிந்து மழைநீரை விரைந்து கீழே இறக்கும். கீழ்ப்பகுதி சரிவு தணிந்து திண்ணைக்கு மேலே நீண்டு, அந்நீரைச் சுவரிலிருந்து தூர எறியும். மண்சுவர் நனையாது, வெயிலும் உள்ளே பாயாது, திண்ணையில் அமர்ந்து ஒருவர் ஓலை வாசிக்கலாம், நெல்லும் காய வைக்கலாம். மழையையும் மண்ணையும் மரத்தையும் அறிந்த தச்சர்களின் பல தலைமுறை அறிவு அது. இன்று வங்கியின் நெற்றியிலே இருப்பதற்குப் பின்னால் கொங்கிரீட் தட்டு இருக்கிறது. அதன்மேல் குளிரூட்டும் இயந்திரம் இரைகிறது. கூரை மழையைத் தடுக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, விளம்பரப் பலகையாக மீண்டும் வேலைக்கு அமர்த்தப்பட்டிருக்கிறது.

இதனினும் ஆழமான விஷயம் ஒன்று உண்டு. 1660இல் சிறைபிடிக்கப்பட்டு 1679 வரை கண்டி இராச்சியத்திலே வாழ்ந்த ஆங்கிலேயராகிய ரொபேர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலிலே, குடிமக்களின் வீடுகளைப் பற்றிக் கூறியிருக்கிறார். ஒரு தளத்துக்கு மேல் அவர்கள் வீடு கட்டலாகாது, ஓடு வேயலாகாது, சுவருக்குச் சுண்ணாம்பு பூசலாகாது. அப்படியென்றால் இன்று 'நம் எல்லோருடைய மரபு' என்று கொண்டாடப்படும் ஓட்டுக் கூரை, அந்நாளில் எல்லோருடையதும் அன்று. அது அரசனதும் தெய்வத்தினதும் பிரதானிகளதும் அடையாளமாக இருந்தது. உழுதவனும் மரம் அறுத்தவனும் ஓடு சுட்டவனும் வைக்கோலின் கீழ் படுத்தான். தான் சுட்ட ஓட்டைத் தன் தலைக்கு மேல் வைத்துக்கொள்ள அவனுக்கு உரிமையில்லை. பின்நவீனத்துவக் கட்டிடக் கலைஞன் அந்தக் கூரையை மேற்கோள் காட்டும்போது அதனோடு இருந்த தடையுத்தரவை மேற்கோள் காட்டுவதில்லை. கூரை வரும், இராஜகாரியம் வராது. கண்டி வாவியின் அழகைப் படத்தில் அடக்குவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கட்டாய உழைப்பால் அதை வெட்டியவர்களின் முதுகு அப்படத்தில் விழாது.

இடையே ஒன்று சொல்ல வேண்டும். கண்டியப் பாணியை ஓர் இனத்தின் தூய தனிச்சொத்தாகப் போற்றுவோர், அரச சபை மண்டபமாகிய மகுல் மடுவ 1783இல் இராஜாதி ராஜசிங்கனின் காலத்திலே தொடங்கப்பட்டது என்பதையும், அவ்வரசனும் அவனுக்குப்பின் பத்திரிப்புவ எண்கோண மண்டபத்தையும் வாவியையும் செய்வித்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் மதுரைத் தொடர்புடைய நாயக்க வம்சத்தவர் என்பதையும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். இதைக் கூறுவது அக்கட்டிடங்களைத் தமிழர் பக்கம் இழுத்துக்கொள்வதற்காக அன்று. அவை தேவேந்திர மூலாச்சாரி போன்ற சிங்களக் கைவினைஞரின் சாதனை. தூய்மை என்பது பிற்காலத்தார் பூசிய சுண்ணாம்பு என்பதற்காகவே கூறுகிறோம். நம்மவரும் இவ்விஷயத்தில் விதிவிலக்கல்லர். 1976இல் சென்னையிலே திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டத்திலே திருவாரூர்த் தேரின் வடிவம் கல்லாய் உறைந்து நிற்கிறது. ஊர் கூடி இழுத்தால்தான் தேர். இழுக்க முடியாத தேரைப் பார்த்துப் பெருமைப்படுவதற்கு ஊர் தேவையில்லை, அரசாங்கம் போதும்.

கண்டியிலிருந்து மகியங்கனை வீதியிலே குண்டசாலையையும் பல்லேகலையையும் தாண்டினால் திகன. அதற்கு அப்பால் விக்டோரியா அணை. 122 மீற்றர் உயரமும் 520 மீற்றர் நீளமும் உடைய இந்த அணை, பிரித்தானிய உதவியுடன் கட்டப்பட்டு 1985 ஏப்ரில் மாதம் மார்கரெற் தாட்சரின் முன்னிலையிலே திறந்து வைக்கப்பட்டது. அதன் அரசியல் எதுவாயினும், அந்த வளைவை மாணவர்கள் போய்ப் பார்க்க வேண்டும். அலங்காரத்துக்காக வளைந்ததன்று அது. பின்னால் நிற்கும் நீரின் அழுத்தத்தை இருபுறப் பாறைகளிடம் ஒப்படைப்பதற்காக மேலும் கீழும் பக்கவாட்டிலும் வளைந்திருக்கிறது. எதையும் மேற்கோள் காட்டாத கட்டிடம். ஆயினும் கண் அதைவிட்டு அகல மறுக்கிறது.

அந்த நீரின் அடியிலே பழைய தெல்தெனிய நகரம் கிடக்கிறது. கடும் வரட்சி வந்து நீர் வற்றும் ஆண்டுகளிலே அதன் இடிபாடுகள் மேலே தலைகாட்டும். மக்கள் கூட்டங் கூட்டமாய்ப் போய்ப் பார்த்து வருவார்கள். வயலும் கடையும் வழிபாட்டிடமும் மூழ்கின. ஆயிரக் கணக்கானோர் பெயர்ந்து போனார்கள். அணை கட்ட வந்த பிரித்தானியப் பொறியியலாளருக்காகத் திகனையிலே ஒரு குடியிருப்பு எழுந்தது. பின்னர், நீர்த்தேக்கத்தின் கரையிலே, இராஜவெல்லவில், பதினெட்டுக் குழிகள் கொண்ட கோல்ப் மைதானமும் உல்லாச விடுதியும் அமைந்தன. நீர்க்காட்சியுடன் கூடிய மனை என்று விலை பேசுகிறார்கள். ஓர் ஊரை மூடிய நீரே 'காட்சி'யாகிக் காசாகிவிட்டது. இந்த நிலத்தில் எழும் பங்களாக்களிலே கண்டியத் திண்ணையும் செதுக்கிய தூணும் இருக்குமாயின், அவை யாருடைய வீட்டின் நினைவு?

இதே தும்பறைப் பள்ளத்தாக்கிலே, குண்டசாலைப் பகுதியில், ஹேனவல என்ற கிராமம் இருக்கிறது. ஹன என்னும் கற்றாழை இனச் செடியின் நாரை உரித்து, சாயம் தோய்த்து, தரையில் அமர்ந்து பாய் நெய்பவர்கள் அங்கே வாழ்கிறார்கள். தும்பறைப் பாய் என்று பெயர் பெற்றது அது. கண்டி இராச்சியத்தின் சாதி அடுக்கிலே மிகத் தாழ வைக்கப்பட்ட கின்னர மக்கள் அரச களஞ்சியத்துக்குக் கடமையாக நெய்து கொடுத்த பாய் அது. அதிலுள்ள மானும் அன்னமும் கோலங்களும் இன்று விடுதிகளின் வரவேற்பறைச் சுவரில் இருக்கின்றன; அச்சுத் துணியிலே இருக்கின்றன; பீங்கான் ஓட்டிலே இருக்கின்றன. நெய்யும் குடும்பங்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய தொகைக்குக் குறைந்துவிட்டன. கோலம் பெருகப் பெருக நெசவாளி அருகுகிறான். பல குரல்களுக்கு இடமளித்தோம் என்கிறார்களே, ஹேனவலயின் குரல் அந்தச் சுவரில் எங்கே கேட்கிறது?

ஜெப்ரி பாவாவின் பெயர் இவ்விடத்தில் எழும். 1919இல் பிறந்து 2003இல் மறைந்த அவரைப் பின்நவீனத்துவத்தாரும் தம்மவர் என்பர். வேறு பலர் வட்டார நவீனத்துவத்தின் தலைமகன் என்பர். பட்டம் எதுவாயினும், பாவாவின் திறமையை மறுப்பவன் கண்ணில்லாதவன். முற்றமும் நிழலும் காற்றும் நீரும் அவர் கையில் இணங்கி நின்றன. தம் கொழும்பு வீட்டிலே செட்டிநாட்டுத் தூண்களை அவர் நாட்டியபோது அவை தூண்களாகவே நின்றன. ஆனால் அவருக்கு வேலை கொடுத்தவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும். 1979இல் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசாங்கம் கோட்டை நகரிலே பாராளுமன்றம் கட்ட அவரை அழைத்தது. தியவன்னாவின் நீர்நடுவே செப்புக் கூரைகளோடு 1982இல் அது திறக்கப்பட்டது. மரபின் கூரை மிக அழகாக எழுந்தது. அதன்கீழே நிறைவேற்றப்பட்ட சட்டங்கள் எவையென்று தமிழ் பேசும் மக்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. பாவாவின் மேதைமை அவரோடு போயிற்று. வாரிசுகள் கூரையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

மலைநாட்டுக்கு இன்னும் சற்று மேலே ஏறுவோம். கந்தப்பளையிலே, ஹெதர்செற் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாக மாறியது. பின்நவீனத்துவ ரசனைக்கு இதனிலும் சிறந்த உதாரணம் உலகில் வேறெங்கும் தேடினாலும் கிட்டாது. இயந்திரங்கள் அகற்றப்படவில்லை, சுத்தம் செய்து, எண்ணெய் பூசி, பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். கொழுந்து வாட்டிய தட்டுகளிலே இப்போது படுக்கையறைகள். விரும்பும் விருந்தினர் கூடை மாட்டிக் கொழுந்து பறித்துப் பார்க்கலாம். கட்டிடத்தை இடிக்காமல் காத்தமைக்குப் பாராட்டுகள் வந்தன. தொழில்நுட்ப ரீதியில் அந்தப் பாராட்டுப் பொருத்தமானதே. ஆயினும் நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1992இல், பெருந்தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். உற்பத்தியில் இலாபம் குறைந்த இடத்தில் உற்பத்தியின் ஞாபகத்தை விற்பது மேலும் இலாபகரமானது என்று மூலதனம் கண்டுகொண்டது. துரைமார் பங்களாக்களுக்கும் அதே கதிதான். வெள்ளி ஏனத்திலே தேநீர் கொண்டுவரும் பட்லர் உட்பட அந்தக் காலத்தை அப்படியே வாடகைக்கு எடுக்கலாம்.

இந்தப் பழமையபிமானிகள் எவராவது லயத்தை மேற்கோள் காட்டியதுண்டா? பத்து அடிக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா. முன்னால் ஓர் இஸ்தோப்பு. முதுகோடு முதுகு ஒட்டி மறுபுறத்தில் இன்னொரு வரிசை. ஒரு வீட்டின் புகை அடுத்த வீட்டின் மூச்சு. காற்றில் பறந்துவிடாதபடி கல்லும் பழைய டயரும் ஏற்றிய தகரக் கூரை. கோப்பிக் காலத்தில் எழுந்த வடிவம் இது. 1867இல் கண்டி மாவட்டத்து லூல்கந்துரவிலே ஜேம்ஸ் டெயிலர் தேயிலை நட்ட பின்னரும் தொடர்ந்தது. சுதந்திரத்துக்குப் பின்னரும், 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பின்னரும், 1975இன் தேசியமயத்துக்குப் பின்னரும் தொடர்ந்தது. அரசு, கம்பனி, திரும்ப அரசு, திரும்பக் கம்பனி என்று உடைமையாளர் மாறினர், கூரை மாறவில்லை. இந்நாட்டுக் கட்டிட வரலாற்றிலே மிக நீண்டகாலம், மிகப் பெருந்தொகையாக, மாற்றமின்றி வழங்கிவந்த வடிவங்களுள் லயமும் ஒன்று. மரபு என்பது நீடித்தலாயின், இதுவல்லவோ மரபு! ஆனால் எந்த உல்லாச விடுதியின் முகப்பிலும் இஸ்தோப்பைக் காணோம். மேற்கோள் காட்டும் உரிமை எவனிடம் இருக்கிறதோ அவனே வரலாற்றில் எதை வெட்டுவது, எதை ஒட்டுவது என்று தீர்மானிக்கிறான்.

நவீனத்துவத்தைத் துறந்துவிட்டோம் என்போரைப் பார்த்து லயத்து மனிதன் கேட்கக்கூடியது ஒன்றுண்டு: 'ஐயா, அது எங்கள் பக்கம் எப்போது வந்தது?' தனிச் சமையலறை, தனி மலகூடம், ஜன்னலுக்கு ஒரு கண்ணாடி, காணிக்கு ஓர் உறுதி. 1920களின் ஐரோப்பிய நவீனத்துவம் ஆரம்பப் பாடமாகக் கொண்ட இவையே நமது தோட்டங்களில் இன்றும் கோரிக்கையாக இருக்கின்றன. வராத விருந்தாளிக்கு வழியனுப்பு விழா நடத்துகிறார்கள்.

கட்டிடத்தை வெறும் மொழியாகக் கருதுவதிலே வேறோர் அபாயமும் உண்டு. திகனையிலே அது நெருப்பாய்க் கண்டது. 2018 மார்ச் மாதத் தொடக்கத்திலே, வாகனப் பிணக்கொன்றில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் இறந்ததைச் சாக்காக வைத்து, திகன, தெல்தெனிய, கட்டுகஸ்தோட்டை, அக்குறணைப் பகுதிகளிலே முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. திகனையில் எரிக்கப்பட்ட கட்டிடம் ஒன்றிலே ஓர் இளைஞர் உயிரிழந்தார். மார்ச் 6ஆந் திகதி நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. வன்செயலுக்குக் காரணம் கட்டிடக் கலைக் கொள்கை என்று நாம் கூற வரவில்லை. அப்படிச் சொல்வது பேதைமை. அதன் வேர்கள் அரசியலிலும் வணிகப் போட்டியிலும் திட்டமிட்டுப் பரப்பப்பட்ட துவேஷத்திலும் உள்ளன. ஆயினும் எரிக்கப் போனவன் எதை எரித்தான் என்று யோசித்துப் பாருங்கள். செங்கல்லையும் தகரத்தையும் எரிக்க அவன் போகவில்லை. கடையின் பெயர்ப்பலகையை வாசித்தான், முகப்பை வாசித்தான், அது எந்த இனத்தின் சொல் என்று முடிவு கட்டிய பின்னரே தீ வைத்தான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தவர்களும் அவ்வாறே வாசித்தவர்கள்தாம். வீடு மழைக்கு ஒதுங்கும் இடம், கடை பத்துப்பேர் பிழைக்கும் இடம் என்ற எண்ணம் தேய்ந்து, எல்லாக் கட்டிடமும் ஓர் அடையாளத்தின் கொடி என்ற எண்ணம் வலுத்துவரும் நாட்டிலே, கட்டிடத்தின் முதற்கடமை அடையாளத்தைப் பேசுவதே என்று மாணவர்க்குப் போதிப்பவர்கள் தாம் எந்த அடுப்பிலே விறகு வைக்கிறோம் என்பதை அறிதல் வேண்டும்.

வேறு வழி இருந்ததா என்று கேட்பார்கள். இருந்தது, அதுவும் கண்டியிலேயே. மினெற் டி சில்வா 1918இல் கண்டியிலே பிறந்தவர். 1948இல் பிரித்தானியக் கட்டிடக் கலைஞரின் அரச நிறுவகத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண்மணி. லெ கொர்பூசியேயின் நண்பர். பின்நவீனத்துவம் என்ற சொல் கட்டிட உலகிலே புழங்குவதற்கு வெகுகாலம் முன்னரே, நவீனமும் வட்டாரமும் இணைந்த கட்டிடக் கலையைப் பற்றி எழுதியவர். கண்டியிலே 1951இல் முடிவுற்ற கருணாரத்ன இல்லத்தில் கொங்கிரீட்டையும் கண்டியக் கைவினையையும் ஒருங்கே பயன்படுத்தினார். தும்பறை நெசவையும் அவர் தம் வீடுகளிற் கையாண்டார். நெசவின் படத்தை அச்சிட்டு ஒட்டவில்லை. நெசவாளிக்கு வேலை கொடுத்தார். இதுதான் வித்தியாசம், இது ரசனை வித்தியாசம் மாத்திரம் அன்று.

அவருடைய வேலைகளுள் நம்மவர் அதிகம் பேச வேண்டியது வட்டபுலுவ வீடமைப்புத் திட்டம். 1950களின் பிற்பாதியிலே, அரசாங்க உத்தியோகத்தருக்காக, 200க்கு மேற்பட்ட வீடுகள். வரைவதற்கு முன் அங்கே குடியேறப் போகிறவர்களிடம் வினாக்கொத்து அனுப்பினார். கூட்டம் கூட்டிக் கேட்டார். குடும்பம் எத்தகையது, வருமானம் எவ்வளவு, வாழும் வழக்கம் என்ன என்று அறிந்து, அதற்கேற்பப் பலவகை வீடுகளை அமைத்தார். பல இனத்தவரும் அண்டை அயலாராக அங்கே குடியேறினார்கள். குடியிருக்கப் போகிறவனை மேற்கோளாகக் கருதாமல் மனிதனாகக் கருதியதன் விளைவு அது. அம்மையார் 1998இல் வறுமையோடு கண்டியிலேயே மறைந்தார். பெரிய வேலைகள் எவரிடம் போயின என்பதை முன்னரே கூறினோம்.

இப்போது மலையகத் தோட்டங்களிலே ஏழு பேர்ச் காணியும் அதிலொரு சிறு வீடும் என்ற திட்டம் நடைபெறுகிறது. இந்திய அரசின் உதவியுடன் முதலில் 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட்டிலே இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். லயத்தை ஒழிக்கும் எந்தச் செங்கல்லையும் நாம் வரவேற்கிறோம். ஆனால் வீட்டின் படம் மேலிருந்து கீழே வருகிறது. எந்தச் சரிவானாலும் எந்தக் குடும்பமானாலும் ஏறத்தாழ ஒரே படம். விறகை எங்கே அடுக்குவது, மழையில் நனைந்து வரும் கம்பளியை எங்கே உலர்த்துவது, மகன் கல்யாணம் செய்தால் எந்தப் பக்கம் ஓர் அறையை நீட்டுவது, மண்சரிவுக்கு எவ்வளவு தூரத்தில் அத்திவாரம் போடுவது என்பவற்றைக் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் கேட்டுப் படம் கீறியவர் எத்தனை பேர்?

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலே கட்டிடக் கலை பயிலும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறைக்கு வெனிசுவரை போவதற்குப் பணமில்லாதவர்கள் ஒரு தோட்டத்துக்குப் போகலாம். நாடாவும் தாளும் போதும். பிரட்டுக் களத்திலே வேலை பிரித்து முடியும் வரை காத்திருந்து, மாலையிலே இஸ்தோப்பில் அமர்ந்து, மினெற் டி சில்வா வட்டபுலுவவில் கேட்டதைப்போல ஒவ்வொரு குடும்பமாகக் கேளுங்கள். தமிழில் கேட்க வேண்டியிருக்கும். தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குத் துணை போங்கள். கேட்டு எழுதியதை அமைச்சுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் தோட்டக் கம்பனிகளுக்கும் அனுப்புங்கள். ஒரு பிரதியை இப்பத்திரிகைக்கும் அனுப்புங்கள், பக்கம் ஒதுக்குமாறு ஆசிரியரிடம் நாமே கேட்கிறோம்.